கிணற்று நீரும் குழந்தை நலமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை நிலத்தினுட் புகுந்து, சுண்ணாம்புக்கற் பாறையின் பிளவுகளில் தங்கி, நம் கிணறுகளில் ஊறுகின்றது. அந்நீரைப் பருகியே நம் முன்னோரும் நாமும் வளர்ந்தோம். ஆயின், மழைநீர் இறங்கும் வழியாகவே வேறு சிலவும் இறங்குகின்றன. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களிலே அளவுக்கு மிஞ்சி இடப்படும் பசளையின் எச்சமும், மலசலகூடக் குழிகளின் கசிவும் கிணற்றை அடைகின்றன. இவற்றால் நீரிற் பெருகும் பொருளே நைத்திரேற்று. அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. எனவே, தெளிந்த நீரெல்லாம் தூயநீர் என்று கொள்ளுதல் தவறு.

இதனாற் பெரிதும் இடருறுவோர் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகளே. அவர்தம் இரைப்பையில் அமிலம் குறைவு. ஆதலின், ஆங்கு வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது குருதியிற் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அத்தொழிலுக்கு உதவாததாக்குகின்றது. உதடும் நகமும் நீலம்பாரிக்கும், மூச்சுத் திணறும், காலந்தாழ்த்தின் உயிருக்கும் இறுதி நேரலாம். ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே, கிணற்று நீரிற் கரைத்த பாலுணவை உண்ட குழந்தைகளுக்கு இவ்வாறு நேர்ந்ததைக் கொம்லி என்னும் வைத்தியர் 1945ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். குடிநீரில் இலீற்றர் ஒன்றுக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் அவ்வரம்பு கடந்திருத்தலை 1980களிலிருந்து நடைபெற்ற ஆய்வுகள் காட்டியுள்ளன.

இங்கு ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். குழந்தைக்குக் கொடுக்கும் நீரைக் கொதிக்கவைத்தல் நம் தாய்மார் அறிந்த நல்வழக்கம். அது கிருமிகளை அழிக்கும், அவ்வழக்கத்தைக் கைவிடலாகாது. ஆனால் நைத்திரேற்றை அது அகற்றாது. நீர் ஆவியாகிக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்றுக்குக் குளோரீன் இடுதலும் இதற்குப் பரிகாரமாகாது. கருத்தோடு நெடுநேரம் காய்ச்சிய நீரிலே பால்மாவைக் கரைக்கும் தாய், தான் அறியாமலே தீங்கைப் பெருக்கக்கூடும். அவள் அன்பிற் குறையில்லை. அவளுக்கு இதனை எடுத்துச் சொல்லாத கற்றோராகிய நம்மிடத்தேதான் குறை.

செய்யத்தக்கன அரியன அல்ல. முதல் ஆறு மாதமும் குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும். தாய் பருகும் நீரிலுள்ள நைத்திரேற்று அதில் மிகச் சிறிதளவே சேரும். பால்மா கொடுக்க நேரின், பரிசோதித்துத் தகுதி கண்ட நீரையே கொதிக்கவைத்துப் பயன்படுத்துக. குழந்தை நீலம்பாரிக்கக் கண்டால் கைம்மருந்து தேடி நில்லாது வைத்தியசாலைக்கு விரைக. தக்க மருந்து அங்கு உண்டு. தோட்டஞ் செய்வோர் பசளையைப் பயிரின் தேவையறிந்து சிறிது சிறிதாக இடுக. மலக்குழியைக் கிணற்றுக்கு எட்டத்தே, கசிவில்லாதவாறு அமைக்க.

கல்லூரியிலே இரசாயனம் பயின்றோம், பயிலுகின்றோம். அக்கல்வி பரீட்சையோடு முடிதல் முறையன்று. பழைய மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலே குழந்தையுள்ள வீட்டுக் கிணறு ஒன்றையேனும் பரிசோதிப்பிப்பாராயின், அதுவே இவ்விழாவுக்கு நாம் செய்யும் சிறந்த சிறப்பாகும்.