வளவில் கிடக்கும் வெள்ளை உப்பு: வெடியுப்பைப் பாதுகாப்பாகக் கையாளுதல்

நெடுங்காலத்தின் பின் சொந்த வளவுக்குத் திரும்பும் குடும்பங்கள் முதலில் செய்வது துப்புரவு வேலை. பற்றைகளை வெட்டி, இற்றுப்போன கிடுகு, பழைய சாக்கு, உடைந்த பலகை எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்து நெருப்பு வைப்பது வழமை. கண்ணிவெடி அகற்றப்பட்டதாக உறுதிப்படுத்தப்பட்ட வளவிலும் இந்த நெருப்பு ஆபத்தாக முடியலாம். கைவிடப்பட்ட கொட்டில்களிலும் களஞ்சிய அறைகளிலும் பெயர் எழுதப்படாத வெள்ளைப் பொருட்கள் மூடைகளிலும் வாளிகளிலும் கிடப்பதுண்டு. அவற்றுள் சில நைத்திரேற்று உப்புகளாக இருக்கலாம். அவற்றுள் வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைத்திரேற்றைப் பற்றி இப்பகுதி விளக்குகிறது. சோடியம் நைத்திரேற்று, கல்சியம் நைத்திரேற்று ஆகியவற்றுக்கும் இதே கவனம் தேவை.

வெடியுப்பு என்றால் என்ன?

இது வெள்ளை நிறப் பளிங்குகளாக அல்லது தூளாக இருக்கும். மணம் இல்லை. பார்வைக்குக் கறியுப்பு, சீனி, யூரியா, சீனக்காரம் போன்றவற்றிலிருந்து வேறுபடுத்திக் காண்பது கடினம். நாக்கில் வைத்துப் பார்த்து அடையாளம் காண ஒருபோதும் முயல வேண்டாம்.

நீரில் நன்றாகக் கரையும். 20 பாகை செல்சியஸில் 100 மில்லிலீற்றர் நீரில் ஏறத்தாழ 32 கிராம் கரையும். கொதிநீரில் அதைப்போலப் பல மடங்கு கரையும். கரையும்போது நீர் குளிர்வதை உணரலாம்.

விவசாயத்தில் இது பசளையாகப் பயன்படுகிறது. மரக்கறிப் பயிர்களுக்கு நீரில் கரைத்துக் கொடுப்பார்கள். மா மரம் பூப்பதற்கு இலைகளில் தெளிப்பார்கள். பொதியில் 13-0-45 அல்லது 13-0-46 போன்ற எண்கள் காணப்படும். முதலாவது எண் நைதரசனையும் மூன்றாவது எண் பொட்டாசியத்தையும் குறிக்கும். வட்டம் ஒன்றின்மேல் தீச்சுவாலை எரிவது போன்ற படமோ, 5.1 என்ற எண்ணுடன் மஞ்சள் நிறச் சாய்சதுரமோ, 1486 என்ற எண்ணோ பொதியில் இருந்தால் அது தீயைத் தூண்டும் பொருள் என்று அறிந்துகொள்ளுங்கள்.

தானாக எரியாது, ஆனால் எரிய வைக்கும்

வெடியுப்பின் ஆபத்தைப் பலர் தவறாக விளங்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஒரு நெருப்புக்குச்சியைக் காட்டினால் உப்பு தனியே பற்றிக்கொள்ளாது. அதனால் "இது எரியாத சாமான்" என்று எண்ணி மண்ணெண்ணெய்க் கலனுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள்.

எந்த நெருப்பும் எரிவதற்கு ஒட்சிசன் வேண்டும். சாதாரண நெருப்பு அதைக் காற்றிலிருந்து பெறுகிறது. வெடியுப்போ ஒட்சிசனைத் தனக்குள் கட்டி வைத்திருக்கிறது. அது 334 பாகை செல்சியஸில் உருகும். ஏறத்தாழ 400 பாகையில் சிதைந்து ஒட்சிசனை வெளிவிடத் தொடங்கும். ஒரு கிலோகிராம் உப்பு அவ்வாறு சிதையும்போது ஏறத்தாழ 160 கிராம் ஒட்சிசன் வெளியேறும். அரைக் கனமீற்றருக்கும் அதிகமான காற்றில் உள்ள ஒட்சிசனுக்கு இது சமம். அருகில் வைக்கோலோ உமியோ எண்ணெயோ இருந்தால், மெதுவாக எரியவேண்டியது சீறி எரியும். மூடிய இடத்தில் வெடிக்கவும் கூடும். இத்தகைய பொருட்களை ஒட்சியேற்றிகள் என்பர்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விடயம் புரியும். ஈரச்சாக்கைப் போட்டோ மணலைக் கொட்டியோ இந்த நெருப்பை அணைக்க முடியாது. காற்றைத் தடுத்தாலும் உப்பு உள்ளிருந்து ஒட்சிசனைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

வெறும் சாக்கும் ஆபத்தானது

பசளை முடிந்த பையை உதறி நெல் போடவும், கதவுக்குத் திரையாகக் கட்டவும், படுக்கைக்குக் கீழே விரிக்கவும் பயன்படுத்துவது பல வீடுகளில் நடக்கிறது. உப்பு ஊறிக் காய்ந்த சணல் சாக்கு, துணி, கடதாசி என்பன சாதாரணமானவற்றை விட மிக விரைவாகத் தீப்பற்றும். கரைசல் தெறித்த உடுப்பும் அப்படித்தான். காய்ந்த பின் அதனுடன் அடுப்படிக்குப் போகக்கூடாது. அத்தகைய உடுப்பை உடனே கழற்றி நிறைய நீரில் அலசுங்கள். பைகளைப் பலமுறை கழுவுங்கள். எரிக்க வேண்டாம், உணவுப் பொருட்களுக்கும் பயன்படுத்த வேண்டாம். கழுவிய நீர் கிணற்றுப் பக்கம் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாத மூடையைக் கண்டால்

• அதை அசைக்கவோ, பிரிக்கவோ, கொட்டிப் பார்க்கவோ வேண்டாம். அருகில் நெருப்பு வைக்க வேண்டாம், புகைக்க வேண்டாம்.

• பக்கத்தில் வயர், உலோகக் குழாய், அடையாளம் தெரியாத பெட்டி ஏதேனும் இருந்தால் வந்த வழியே திரும்பிச் செல்லுங்கள். பிள்ளைகளை அப்பக்கம் விடாதீர்கள்.

• கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். அவர் மூலம் பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ தகவல் போகும். உடனடி ஆபத்து இருந்தால் 119 இலக்கத்துடன் தொடர்புகொள்ளுங்கள்.

• அறிவித்தால் வீண் சந்தேகம் வருமோ என்று சிலர் தயங்குகிறார்கள். எங்கே, எப்போது கண்டீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அயலவர் ஒருவரையும் கூட்டிச் செல்லுங்கள்.

• அதை விற்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ வேண்டாம். பிள்ளைகள் எடுத்துப் பட்டாசு செய்து விளையாட இடமளிக்க வேண்டாம்.

பசளையாக வாங்கியதை வைத்திருத்தல்

தேவையான அளவை மட்டும் வாங்குங்கள். பெயர் எழுதிய மூல உறையிலேயே, அல்லது இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் வையுங்கள். சாப்பாட்டுப் போத்தல்களில் மாற்றி வைக்க வேண்டாம். கறியுப்பென்று எண்ணிக் குசினியில் யாரும் பயன்படுத்திவிடக்கூடும். நிலத்திலிருந்து உயர்த்தி, சீமெந்துக் கல்லின்மேல், காய்ந்த குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். எரிபொருள், வைக்கோல், உமி, மரத்தூள், கரி, கந்தகத்தூள், பூச்சிமருந்து ஆகியவற்றை ஒரே அறையில் வைக்க வேண்டாம்.

ஈரம் பட்டுக் கட்டியாகிவிட்டால் அலவாங்கால் அடித்து உடைக்காதீர்கள். நீரில் கரைத்து எடுங்கள். கரைக்கும்போது கையுறை அணியுங்கள். தூள் பறந்தால் மூக்கையும் வாயையும் மறையுங்கள். சிந்தியதை மரத்தூளால் ஒற்றி எடுக்க வேண்டாம். சுத்தமான அகப்பையால் அள்ளி, இடத்தை நீரால் கழுவுங்கள். மீதியை என்ன செய்வதென்று கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

தீப்பிடித்தால்

தொடக்கத்திலேயே கண்டால் தூர நின்று நிறைய நீரைப் பாய்ச்சுங்கள். தீ பெரிதாகிவிட்டாலோ உப்பு உருகிக் கொதித்தாலோ கிட்டப் போக வேண்டாம். உருகிய உப்பில் நீர் விழுந்தால் சூடான துளிகள் சிதறும். எல்லோரையும் காற்று வரும் திசைக்கு அப்புறப்படுத்துங்கள். கபில நிறப் புகை வந்தால் அது நச்சு வாயு. அதைச் சுவாசித்தவருக்கு முதலில் சிறிய இருமல் மட்டுமே இருக்கலாம். சில மணி நேரத்தின் பின் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் வரலாம். ஆகவே சுகமாக இருப்பதாகச் சொன்னாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

உடலில் பட்டால், விழுங்கினால்

கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். தோலை நீரால் கழுவுங்கள். விழுங்கினால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பொதியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உடலுக்குள் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைக்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்தல், தலையிடி, தலைச்சுற்று, மூச்சு வாங்குதல் என்பன அறிகுறிகள். இதற்கு வைத்தியசாலையில் மருந்து உண்டு.

மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் ஆபத்து அதிகம். அவற்றின் இரைப்பையில் இந்த மாற்றம் விரைவாக நடக்கிறது. கிழிந்த மூடையை உப்பென்று நக்கிய கால்நடை சில மணி நேரத்திலேயே இறக்கக்கூடும். மூடைகளைப் பட்டிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கிணற்று நீரும் கைக்குழந்தையும்

நைத்திரேற்று நிலத்தடி நீருக்கு எளிதில் இறங்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் நிலத்தில் பசளையும் மலசலகூடக் குழிகளின் கழிவும் விரைவாகக் கிணறுகளைச் சென்றடைகின்றன. அங்குள்ள பல கிணறுகளில் உலக சுகாதார நிறுவனம் கூறும் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையை நைத்திரேற்று தாண்டியிருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளே இதனால் கூடுதலாகப் பாதிக்கப்படுவர்.

கிணற்றை இறைத்துக் குளோரின் இடுவது கிருமிகளைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும். எனவே குழந்தைக்குத் தாய்ப்பாலையே கொடுங்கள். பால்மா கரைக்க நேர்ந்தால் பரிசோதிக்கப்பட்ட நீரைப் பயன்படுத்துங்கள். பரிசோதனைக்குப் பொது சுகாதாரப் பரிசோதகரையோ தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையோ அணுகுங்கள். எந்தப் பசளையையும் கிணற்றருகே கொட்டவோ புதைக்கவோ வேண்டாம்.

மனதில் வைத்திருக்க வேண்டியவை

1. குப்பைக்கு நெருப்பு வைக்க முன் குவியலில் பசளைப் பையோ வெள்ளைத் தூளோ உள்ளதா என்று பாருங்கள்.
2. பெயர் தெரியாததைத் தொடாமல் அறிவியுங்கள்.
3. வெடியுப்பையும் எரியக்கூடிய பொருட்களையும் ஒன்றாக வைக்காதீர்கள்.
4. தீயை மூடி அணைக்க முயலாதீர்கள். தூர நின்று நீர் பாய்ச்சுங்கள், முடியாவிட்டால் விலகுங்கள்.
5. இந்தப் பக்கத்தை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.