பழைய கொட்டகையும் சாய்ந்த வெயிலும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிராண்ட் டீட்டான் தேசியப் பூங்கா உள்ளது. அங்கே மோர்மன் ரோ என்னும் பழைய குடியிருப்பில், மோல்டன் குடும்பத்தார் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டிய மரக் கொட்டகை நிற்கிறது. வைக்கோலும் கால்நடைகளும் இருந்த பண்ணைக் கட்டிடம் அது. அதற்கு மேற்கே 4,199 மீட்டர் உயரமுள்ள சிகரம். படம் எடுப்பவர்கள் விடியும் முன்பே வந்து, கொட்டகைக்குக் கிழக்கே காத்து நிற்பார்கள். நல்ல வெளிச்சமுள்ள நடுப்பகலில் வந்தால் என்ன?

முதற் காரணம் நிறம். சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது, அதன் ஒளி தலைக்கு மேல் இருக்கும்போது கடப்பதைப்போல் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்று மூலக்கூறுகள் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை, 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறச் செய்கின்றன. வழியிலேயே நீலம் பிரிந்துவிட, பொன்னிற ஒளி நம்மை வந்தடைகிறது. கிழக்குச் சுவரும் பின்னேயுள்ள மலையும் ஒருங்கே ஒளிர்கின்றன.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. அதை அறிய மரத்தைக் கவனிக்க வேண்டும்.

பலகை எப்படி முதுமை அடைகிறது?

மர இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் பொருள் லிக்னின். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதைச் சிதைக்கின்றன; மழை கழுவிச் செல்கிறது. எஞ்சிய செல்லுலோஸ் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. வசந்த காலத்தில் வளர்ந்த மரப்பகுதி மென்மையானது. அது விரைவில் தேயும். கோடையில் வளர்ந்த கெட்டியான பகுதி வரம்புபோல் எழுந்து நிற்கும். பூச்சில்லாத மென்மரப் பலகை நூறு ஆண்டுகளில் சுமார் 6 மில்லிமீட்டர் தேய்ந்துவிடும்.

இந்த வரம்புகளைப் படத்தில் காட்டுவது நிழல்தான். தெற்கு நோக்கிய ஒரு சுவரில் பலகைகள் செங்குத்தாக அடிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். மார்ச் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் நேர்கிழக்கில் உதிக்கிறது. வயோமிங் இருக்கும் அட்சரேகையில், உதித்து ஒரு மணி நேரம் கழித்தும் ஒளி சுவரோடு சுமார் 10 பாகைக் கோணத்தில்தான் உரசிச் செல்லும். அப்போது 1 மில்லிமீட்டர் உயரமுள்ள வரம்பின் நிழல் 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நடுப்பகலிலோ சூரியன் சுவருக்கு நேர் எதிரே வந்துவிடும். பக்கவாட்டில் நிழலே விழாது. சுவர் மொட்டையாகத் தெரியும். ஒளி குறையவில்லை, கோணம்தான் மாறியது!

அழகுக்கு மட்டுமா?

இல்லை. உள்ளே இருக்கும் உத்திரங்களில் ரம்பத்தின் தடம் பதிந்திருக்கும். மேலும் கீழும் அசையும் ரம்பம் நேர்க்கோடுகளை விடும். வட்ட ரம்பம் வளைந்த கோடுகளை விடும். வட்ட ரம்பம் அமெரிக்காவில் பரவலானது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். எனவே அந்தக் கோடுகள் கட்டிடத்தின் வயதுக்கு ஒரு தடயம். எதிரே விளக்கைப் பிடித்தால் அவை மறையும். பக்கவாட்டில் பிடித்தால் எழுந்து வரும்.

பழங்கட்டிடங்களைப் படமாகவும் வரைபடமாகவும் பதிவு செய்ய 1933-இல் அமெரிக்க அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அந்தப் பதிவுகளில் பண்ணைக் கொட்டகைகளும் உண்டு. கூரையில் ஓட்டை விழுந்து நீர் இறங்கினால், தாங்கும் மரம் உளுத்துக் கட்டிடம் சரியும். பிறகு எஞ்சுவது படம் மட்டுமே. வெளிச்சம் தவறான கோணத்தில் விழுந்திருந்தால், அந்தப் படத்திலும் தடயம் இருக்காது. திரும்பப் போய் எடுக்கவும் இயலாது.

நீங்களும் செய்து பாருங்கள்

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலுள்ள பழைய மரக்கதவின் மேல் டார்ச் ஒளியை நேராகப் பாய்ச்சி ஒரு படம் எடுங்கள். பிறகு டார்ச்சைக் கதவை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்து இன்னொன்று எடுங்கள். கைபேசிக் காமிரா போதும். இழைப்புளியின் தடமும் ஆணி அடித்த பள்ளமும் எந்தப் படத்தில் தெரிகின்றன? இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.