காலித் தோட்டாவை மீண்டும் நிரப்பினால் இலாபமா?

1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பொறியாக அமைந்த என்ஃபீல்டு தோட்டாவைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். சிப்பாய்கள் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டியிருந்த அந்தத் தோட்டா வெறும் காகிதப் பொட்டலம்தான். உள்ளே வெடிமருந்தும் ஈயக் குண்டும் இருக்கும். சுட்டபின் எதுவும் மிஞ்சாது.

இன்றைய ரைஃபிள் தோட்டா அப்படியன்று. சுட்டதும் ஒரு பித்தளைக் கூடு வெளியே வந்து விழுகிறது. அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் கலந்துகொள்வோர் பலர் இக்கூடுகளைப் பொறுக்கி எடுத்துச் சென்று, வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்கிறார்கள். அங்கே சட்டம் அதற்கு இடம் தருகிறது. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். ஆகவே நமக்கு இது இயற்பியலும் கணக்கும் கலந்த ஒரு புதிர் மட்டுமே. அவர்கள் படும் பாட்டுக்குப் பலன் உண்டா?

தோட்டாவில் நான்கு பகுதிகள் உள்ளன: கூடு, அடியில் பொருத்திய தீமூட்டி, வெடிமருந்து, நுனியில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு ஒன்றுதான். பெரும்பாலும் விலை கூடியதும் அதுவே. 100 பங்கில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை அது. மருந்து எரியும்போது உள்ளே எழும் அழுத்தம், .308 வின்செஸ்டர் என்ற பெயர்பெற்ற தோட்டாவில், வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 4,000 மடங்கு வரை செல்லலாம். அப்போது கூடு விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாதபடி அடைக்கிறது. அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளியே வருகிறது. ஆனால் பழைய அளவுக்கு முழுவதும் திரும்புவதில்லை. அச்சில் வைத்து அழுத்தித்தான் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் இறுகி ஒடிந்துவிடும் அல்லவா? அதுபோலவே ஒவ்வொரு முறையும் பித்தளை இறுகி, நாளடைவில் கூட்டின் கழுத்தில் விரிசல் காண்கிறது. கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தினால் ஆயுள் சற்று நீளும். அவ்வளவுதான்.

எல்லாக் கூட்டையும் மீண்டும் நிரப்பிவிட முடியாது. 1860-களில் ஆங்கிலேயர் பாக்ஸர், அமெரிக்கர் பெர்டன் ஆகிய இருவர் இருவகைத் தீமூட்டிகளை அமைத்தார்கள். பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை. ஊசியால் தள்ளினால் பழைய தீமூட்டி வந்துவிடும். பெர்டன் முறையில் நடுவில் துளை இல்லாததால் அது தொல்லை. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயரின் முறை அமெரிக்காவிலும் அமெரிக்கரின் முறை ஐரோப்பாவிலும் பரவிவிட்டன!

இனிக் கணக்குக்கு வருவோம். எண்கள் நாமாக வைத்துக்கொண்டவை. கடைத் தோட்டா ஒன்று 100 காசு. பழைய கூட்டை வைத்து நிரப்பினால் 60 காசு. கருவிகளின் விலை 20,000 காசு. தோட்டாவுக்கு 40 காசு மிச்சமானால், 500 தோட்டாக்களுக்குப் பிறகே போட்ட முதல் திரும்பும். ஆண்டுக்கு 20 தோட்டா செலவழிக்கும் வேட்டைக்காரருக்கு 25 ஆண்டுகள் ஆகும்! வாரம் 100 சுடுபவருக்கு ஐந்தே வாரம். அவர் மேசைமுன் செலவிடும் மாலைப் பொழுதுகளுக்கு நாம் விலை போடவில்லை. இதில் ஈடுபட்டோர் தம்மைத் தாமே கேலி செய்துகொள்வதும் உண்டு: செலவு குறையவில்லை, சுடும் எண்ணிக்கைதான் கூடிவிட்டது என்று.

அப்படியானால் ஏன் விடுவதில்லை? விடை இயற்பியலில் இருக்கிறது. ஒரு குண்டு விநாடிக்கு 800 மீட்டர் வேகத்திலும், அடுத்தது 790 மீட்டர் வேகத்திலும் புறப்படுவதாகக் கொள்வோம். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், 100 மீட்டர் தொலைவில் இரண்டும் விழும் இடங்களுக்கிடையே உயர வேறுபாடு வெறும் 2 மில்லிமீட்டர். விழும் தூரம் காலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 900 மீட்டரில் அது 81 மடங்காகிறது. அதாவது சுமார் 16 சென்டிமீட்டர். காற்றின் தடையைச் சேர்த்தால் இன்னும் மிகும். ஆகவே நெடுந்தொலைவுப் போட்டியாளர் ஒவ்வொரு தோட்டாவின் மருந்தையும் தனித்தனியே நிறுக்கிறார். அவர் பார்க்கும் நுண்மை சுமார் 6 மில்லிகிராம். ஓர் அரிசியின் எடையைவிடக் குறைவு. அவருக்கு மிச்சமாகும் காசு ஒரு பொருட்டல்ல. 100 மீட்டரில் சுடுபவருக்கோ இந்த உழைப்பின் பலன் கண்ணுக்கே தெரியாது.

தராசு தவறினால் வரும் விளைவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அழுத்தம் மிகுந்தால் இம்மருந்து விரைந்து எரியும். விரைந்து எரிந்தால் அழுத்தம் மேலும் ஏறும். இதனால் மருந்து கூடும் விகிதத்தைவிட அழுத்தம் கூடும் விகிதம் அதிகம். அளவு மீறிய தோட்டா, குறியை விட்டுவிட்டுத் துப்பாக்கியையே பிளந்துவிடும். அப்போது சுடுபவரின் முகம் அதன் பின்னாலேயே இருக்கிறது.