வீட்டுத் தொட்டியில் பூத் ஜொலோக்கியா

அஸ்ஸாமில் ‘பூத் ஜொலோக்கியா’ என்றும், நாகாலாந்தில் ‘நாகா மிர்ச்சா’ என்றும் வழங்கும் மிளகாயை, வடகிழக்கில் குடியேறிய நம்மவர் நன்கறிவர். 2007-ஆம் ஆண்டில் இதுவே உலகின் மிகக் காரமான மிளகாய் எனக் கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றது. பின்னர் அயல்நாட்டு வகைகள் சில இதனை விஞ்சிவிட்டன. ஆயினும் இதன் காரம் குறைந்துவிடவில்லை. நாம் பழகிய குண்டூர் மிளகாயின் காரம் ஸ்கோவில் அளவையில் ஏறக்குறைய 40,000. இதனுடையதோ பத்து இலட்சத்தை எட்டும்.

பிற நகரங்களில் வாழும் அன்பர்கள் பலர் இதன் விதையைக் கேட்டுப் பெறுகின்றனர். ஆனால் பத்து நாளில் முளை காணாவிடில் மண்ணைக் கொட்டிவிடுகின்றனர். அவசரமே இச்செடிக்குப் பகை. நாட்டு மிளகாய் பத்து நாளில் முளைத்துவிடும். இதற்கு இரண்டு முதல் ஐந்து வாரம் வேண்டும்.

விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, மணலும் மட்கிய எருவும் கலந்த மண்ணில் அரை விரற்கடை ஆழத்தில் ஊன்றுக. மண் ஈரமாயிருத்தல் வேண்டும், நீர் தேங்கலாகாது. 25 முதல் 30 டிகிரி வெப்பம் இன்றியமையாதது. ஆகவே தில்லி போன்ற இடங்களில் மார்கழிக் குளிரில் விதைப்பது வீண். ஆறு இலை விட்டதும், அடியில் துளையிட்ட பழைய பெயிண்ட் வாளிக்கு மாற்றுக. கடுங்கோடையில் பூ உதிரும். நண்பகலில் நிழல் தருக. பழம் சிவக்க ஐந்தாறு மாதமாகும். இடையில் மாற்றல் உத்தரவு வந்தாலும் கவலையில்லை. வாளியும் உடன் வரும்!

குழந்தைகள் உள்ள இல்லங்களில் எச்சரிக்கை வேண்டும். செடியை அவர்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் நலம். காரம் மிகுந்திருப்பது விதையிலன்று. விதை ஒட்டியிருக்கும் வெண்ணிறத் தசையிலேயாம். கையுறையின்றி அரியலாகாது. அக்காரம் நீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கையில் பட்டால் நல்லெண்ணெய் தேய்த்துப் பின்னர் சோப்பிட்டுக் கழுவுக. நாவெரிந்தால் பாலோ தயிரோ உதவும். மூடிய சமையலறையில் இதனை வறுக்கவே கூடாது. ஒரு பானைக் குழம்புக்குச் சிறு துணுக்கே போதும்.

அருகில் வேறு மிளகாய்ச் செடி இருப்பின் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறையின் குணம் மாறக்கூடும். விதைக்கென ஒரு கிளையை மெல்லிய துணியால் மூடிவைத்து, பழுத்தபின் விதையெடுத்து நிழலில் உலர்த்துக. அண்டை வீட்டாருக்கு வழங்கும்போது, பொறுமையும் எச்சரிக்கையும் வேண்டுமென்பதையும் சேர்த்தே சொல்லி வழங்குவோமாக.