பாமினியில் எழுதிய கடிதங்கள்

பழைய பெட்டகத்தைத் திறந்து பார்க்கும் இன்பம் முதியோர்க்கு மட்டும் உரியதன்று. 1990களில் சிறுவராயிருந்தோரும் இன்று தம் இளமையை எண்ணி ஏங்கத் தொடங்கிவிட்டனர். அவர்தம் பெட்டகத்தில் உள்ளது பனையோலைக் கிலுகிலுப்பை அன்று. கணனியும், அதனைத் தொலைபேசிக் கம்பியோடு பிணைத்த 'மோடம்' என்னுங் கருவியுமாம்.

இலங்கையில் இணையம் 1995 இல் பொதுமக்களை எட்டியது. தொலைபேசி வாய்த்த வீடுகளில் மோடம் எழுப்பிய கீச்சொலியும் இரைச்சலும் பலர் செவியில் இன்றும் ஒலிப்பன. அது வீணோசையன்று, தொலைவிலுள்ள இரு கருவிகள் எவ்வேகத்திற் பேசுவதென உடன்பட்டுக்கொண்ட உரையாடலே அது.

அந்நாளில் நம் நாட்டுத் தமிழர் பெரிதுங் கையாண்ட எழுத்துரு 'பாமினி'. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழெழுத்தின் வடிவத்தை வைத்தலே அதன் உபாயம். பாமினியுள்ள கணனியில் 'அம்மா' எனத் தோன்றிய சொல், அஃதில்லாத கணனியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எனப் பொருளற்று நின்றது. ஆகவே, கடல்கடந்த உறவினர்க்கு மடல் எழுதியோர் எழுத்துருவையும் உடனனுப்ப நேர்ந்தது. 1991 இல் வெளிவந்த 'யுனிகோட்' முறையின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. எனினும் அது வீட்டுக் கணனிகளிற் பரவியது 2000 ஆம் ஆண்டின் பின்னரே.

நிற்க. அம்மடல்களின் கதி யாது? பல 'பிளொப்பி' எனப்படும் நெகிழ்வட்டுகளில் உறங்குகின்றன. ஒரு வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். அதன் காந்தப்பூச்சு காலத்தால் நலிவது. சோனி நிறுவனம் ஜப்பானில் அவற்றின் விற்பனையை 2011 இல் நிறுத்தியது. வட்டைப் படிக்கும் கருவியும் அரிதாகி வருகிறது.

இங்கே பூட்டுகள் இரண்டு. எழுத்துருவென்னும் பூட்டுக்குத் திறவுகோல் உண்டு. எந்த ஆங்கில எழுத்து எந்தத் தமிழெழுத்தைக் குறித்ததென்பது திட்டமாகத் தெரிந்ததாதலின், பாமினியை யுனிகோட்டாக மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வட்டென்னும் பூட்டோ ஆண்டுதோறுந் துருவேறுகின்றது. அது முற்றாகப் பழுதுபட்டபின் எச்செயலியும் உதவாது.

மாணவர்களே, வரும் விடுமுறையில் உங்கள் வீட்டு அலுமாரியைத் துழாவிப் பாருங்கள். பாட்டனார் எழுதிய மடலொன்று அங்கே இருக்கலாம். அதனை இன்றைய எழுத்துக்கு மாற்றி, ஒரு படியை அச்சிட்டு, வீட்டார் கூடியிருக்கையில் உரக்கப் படியுங்கள். இளமை நினைவுகளைப் பேசி மகிழ்தல் நன்று. அவற்றைப் படிக்கத்தக்க நிலையில் அடுத்த தலைமுறைக்கு வைத்தல் அதனினும் நன்று.