வீட்டு உடற்பயிற்சிக் கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்: திருப்பூர் பனியன் தொழிலாளர் சூழல்

உடற்பயிற்சிக் கூடத்திற்குச் செல்லாமல் வீட்டிலேயே உடலை வலுப்படுத்தவும் மூச்சுத்திறனைக் கூட்டவும் உதவும் சாதனங்கள் வீட்டு உடற்பயிற்சிக் கருவிகள் எனப்படுகின்றன. தாண்டு கயிறு முதல் டிரெட்மில் வரை இவற்றில் அடங்கும். பொதுவாக விலையும் விளம்பரமும் பார்த்தே இவை வாங்கப்படுகின்றன. ஆனால் திருப்பூர் போன்ற பின்னலாடை நகரில், ஒருவர் செய்யும் வேலை உடலின் எந்தப் பகுதியை வாட்டுகிறது, எதை அசைக்காமலே விடுகிறது என்பதைப் பார்த்துத் தேர்வதே பொருத்தம்.

வேலையும் உடலும்

பனியன் கம்பெனிகளில் 8 மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆர்டர் நெருக்கும் காலத்தில் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலை 8.30 முதல் இரவு 8.30 வரை வேலை நடப்பது வழக்கம். பவர் டேபிள், ஓவர்லாக் டெய்லர்கள் இந்நேரம் முழுதும் முன்குனிந்து உட்கார்ந்திருப்பர். கழுத்தும் மேல்முதுகும் இறுகும், இடுப்பின் முன்தசைகள் சுருங்கும். செக்கிங், அயர்னிங், கைமடி வேலை செய்வோருக்கு நேர்மாறு. அவர்கள் நின்றே இருப்பதால் கெண்டைக்காலும் கீழ்முதுகும் வலிக்கும்.

நாள் முழுதும் நிற்பவருக்குத் தனியே உடற்பயிற்சி வேண்டாம் என்பது பரவலான நம்பிக்கை. ஓய்வின்றி ஒரே நிலையில் செய்யும் தொழில் உழைப்பு, விருப்பத்துடன் செய்யும் பயிற்சியைப் போல இதயத்திற்கு நன்மை தருவதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். இது 'உடலுழைப்பு முரண்' எனப்படுகிறது.

எதை வாங்கலாம்

டெய்லருக்கு முதலில் பயன்படுவது ரப்பர் இழுபட்டை. அதை உறுதியான ஜன்னல் கம்பியில் மாட்டி, முழங்கைகளைப் பின்னுக்கு இழுத்தால், தையல் வேலையில் தளர்ந்துபோகும் மேல்முதுகுத் தசைகள் இயங்கும். (ஊரெங்கும் கிடைக்கும் ஜட்டி எலாஸ்டிக் இதற்கு ஆகாது. இழுவை போதாது.) பயிற்சி சைக்கிள் நல்ல கருவிதான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தவரை அது மறுபடியும் உட்கார வைக்கிறது. நின்று வேலை செய்வோருக்கு ஒரு தரைவிரிப்பே போதும். படுத்துக் கால்களைச் சுவரில் உயர்த்தி வைத்தல், இடுப்பைத் தூக்கி இறக்குதல் ஆகியவற்றை அதில் செய்யலாம்.

தாண்டு கயிறு விலை குறைந்தது, மூச்சுத்திறனுக்குச் சிறந்தது. கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடிகள் அக்குள் வரை வருவது சரியான நீளம். எனினும் தகரக்கூரை தாழ்ந்த லைன் வீட்டில் கயிறு மேலே தட்டும். மாடி வீட்டில் கீழ்வீட்டார் சண்டைக்கு வருவர். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று. கர்லாக்கட்டை தோளுக்கு நல்லது. ஆனால் சுழற்ற வாசலோ மொட்டைமாடியோ வேண்டும்.

டம்பெல் வாங்குவோர், 10 முதல் 12 முறை தூக்கும்போது கடைசி இரண்டு முறை மட்டும் சிரமமாக இருக்கும் எடையைத் தேர்வது நல்லது. தொடக்கத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலே ஏறத்தாழ ஒரு கிலோ எடையாகும். டிரெட்மில் வைக்க, அதன் நீளம் போக, தவறி விழுந்தால் அடிபடாதிருக்கப் பின்புறம் சுமார் 2 மீட்டர் வெற்றிடம் வேண்டும். ஒற்றை அறையில் குடியிருப்போர் தவணையில் வாங்கும் டிரெட்மில் பெரும்பாலும் துணி காயப்போடும் கொடியாகிவிடுகிறது. வயிற்றைக் குறைப்பதாக விற்கப்படும் அதிர்வுப் பட்டைகளைத் தவிர்க்கலாம். ஓரிடத்துக் கொழுப்பை மட்டும் அவற்றால் கரைக்க இயலாது.

நேரமும் மனநலமும்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் பரிந்துரைக்கிறது. தொடர்ந்து 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற முந்தைய நிபந்தனை அதில் இல்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வருபவர் இழுபட்டையுடன் செலவிடும் 5 நிமிடமும் கணக்கில் சேரும்.

தொடர் உடலியக்கம் பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றின் அறிகுறிகளைக் குறைத்து உறக்கத்தை மேம்படுத்துகிறது. ஊரைவிட்டு வந்து அறையில் தனித்திருப்போருக்கு, நாளில் தமக்கென ஒதுக்கும் அந்தச் சில நிமிடங்கள் ஆறுதலாகவும் அமையலாம். உறக்கத்தைக் குறைத்துப் பயிற்சி செய்வது இதற்கு எதிரான விளைவையே தரும். இரவு வேலை இருக்கும் வாரத்தில் பயிற்சியைக் குறைத்து, ஞாயிறு நடைப்பயிற்சியாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்தது.

நூற்பாலைப் பஞ்சுத் தூசியில் வேலை செய்து மூச்சிரைப்பு உள்ளவர்களும், நெஞ்சுவலி உள்ளவர்களும் பயிற்சி தொடங்கும் முன் இ.எஸ்.ஐ. மருத்துவரைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்திற்கு மேல் மனச்சோர்வு நீடித்தால், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.