திறப்பு விழாவுக்குப் பிறகு



கோபுரம் கட்ட விரும்புகிறவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் இயேசு கேட்கிறார் (காண். லூக் 14:28-30). சீடராக வாழ்வதற்கு நாம் தர வேண்டிய விலையைப் பற்றியே இந்த உவமை பேசுகிறது. எனினும் பொறுப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு கேள்வி உண்டு. கட்டி முடிக்க ஆகும் செலவைக் கணக்கிடுகிறோம். கட்டியதை ஆண்டுதோறும் பேணும் செலவைக் கணக்கிடுகிறோமா? இக்கேள்வியை அலட்சியப்படுத்தினால் என்ன நேரும் என்பதற்கு நம் பிள்ளைச்சாவடிக் கடற்கரையே சாட்சி.

மணல் கற்பிக்கும் பாடம்

நம் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் தெற்கிலிருந்து சாய்வாக வரும் அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஒரு பகுதி தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே செல்வதே அதிகம். புயல் கரையைக் கரைப்பது புதிதல்ல. ஆனால் புயல் கொண்டுபோனதைத் தெற்கிலிருந்து வந்த மணல் மெல்ல மெல்ல ஈடுசெய்து வந்தது.

1980-களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்தன. வடக்கே போக வேண்டிய மணல் தென்சுவரில் தேங்கியது. வடபுறத்தில் கடல் எடுத்துக்கொண்ட மணலுக்கு ஈடாக வேறு மணல் வரவில்லை. இதை யாரும் முன்கூட்டி அறியவில்லை என்று சொல்ல முடியாது. தெற்கே சேரும் மணலை இயந்திரங்களால் வாரி வடக்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்பது திட்டத்திலேயே இருந்தது. சுவர்கள் எழுந்தன, தொடர்ந்து செய்ய வேண்டிய அந்த வேலையோ திட்டமிட்டபடி நடைபெறவில்லை.

நகரக் கடற்கரை மணலை இழந்தது. சாலையைக் காக்கக் கற்கள் கொட்டப்பட்டன. கல் கொட்டிய இடத்தில் சாலை தப்பியது. அரிப்போ வடக்கே நகர்ந்தது. கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி எனக் குப்பம் குப்பமாகக் கடல் ஏறி வந்தது. வீடுகள் இடிந்தன. படகை ஏற்றி வைக்கவும் வலையைப் பிரித்து உலர்த்தவும் மீனவருக்கு இருந்த மணல்வெளி மறைந்தது. தங்கள் ஊருக்கும் கல் கொட்ட வேண்டும், தூண்டில் வளைவு அமைக்க வேண்டும் என்று மக்கள் கேட்பது நியாயமே. ஆனால் ஓர் ஊரைக் காக்கும் கல், மணலைத் தடுத்து வடக்கே அடுத்த ஊருக்குத் துன்பமாகி விடுகிறது. கோட்டக்குப்பமும் பொம்மையார்பாளையமும் தமிழ்நாட்டில். பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும் புதுச்சேரியில். நிர்வாகங்கள் இரண்டு, ஆனால் கரை ஒன்றே.

2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவமைப்பில், நகரக் கடற்கரைக்கு எதிரே நீருக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டது. அங்கே மணல் ஓரளவு திரும்பியது. தவறு திருத்தப்படக் கூடியதுதான் என்பது ஆறுதல். ஆனால் அதற்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆயின. இதற்கிடையில் வீட்டை இழந்தவர்களோ, திட்டம் தீட்டியவர்களின் மேசையில் அமர்ந்திராத எளிய மக்கள்.

முன்மதி என்னும் நற்பண்பு

முன்மதி, நீதி, துணிவு, தன்னடக்கம் ஆகிய நான்கையும் தலையாய நற்பண்புகள் என்று திருச்சபை கற்பிக்கிறது. முன்மதி என்றால் ஆபத்தில்லாமல் தப்பித்துக்கொள்ளும் சாமர்த்தியம் என்று பலர் நினைக்கிறார்கள். புனித தாமஸ் அக்குவினாஸ் அதன் கூறுகளாக நினைவாற்றல், பிறரிடமிருந்து கற்கும் மனம், தொலைநோக்கு ஆகியவற்றையும் குறிப்பிடுகிறார். முன்பு நடந்ததை மறவாதிருத்தல், கடலோடு வாழும் மீனவரின் சொல்லுக்கும் செவிகொடுத்தல், வரப்போவதை எண்ணி இன்றே செயல்படுதல் என்று இவற்றை நாம் புரிந்துகொள்ளலாம்.

மற்ற மூன்று பண்புகளும் முன்மதியோடு கைகோக்க வேண்டும். நம் முடிவால் இழப்பவர் யார் என்று கேட்பது நீதி. கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படாத பராமரிப்பு வேலைக்கும் பணம் ஒதுக்குவது துணிவு. புகழ் பிறருக்குப் போனாலும் பொறுத்துக்கொள்வது தன்னடக்கம்.

எகிப்தில் யோசேப்பு வளமான ஏழு ஆண்டுகளிலும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்கச் சொன்னார் (காண். தொநூ 41:34). பசி என்பதே தெரியாத காலத்தில் ஒவ்வோர் ஆண்டும் அதைச் செய்ததுதான் அவருடைய தலைமைப் பண்பு. மோசேயும் தமக்குப் பின் மக்கள் ஆயனில்லா ஆடுகளாகி விடக்கூடாது என்று கடவுளிடம் மன்றாடி, யோசுவாவின்மீது சபையார் முன்னிலையில் கைகளை வைத்தார் (காண். எண் 27:15-23). தாம் நுழையப் போகாத நாட்டுக்காகத் திட்டமிட்டவர் அவர்.

நம் புதுச்சேரியில் நல்ல முன்மாதிரியும் உண்டு. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணை நீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். ஏரியும் வாய்க்காலும் தலைமுறைகளைக் கடந்து நிற்பது வெட்டியவர்களால் மட்டுமல்ல. மழைக்கு முன் தூர்வாரி, கரையைப் பலப்படுத்தி, மதகைச் சரிசெய்த குடிமராமத்து வழக்கத்தாலும்தான். அந்த வழக்கம் தளர்ந்தபோது ஏரிகளும் தூர்ந்தன. 1999-இல் தொடங்கி ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு புதுச்சேரிப் பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் நடைபெற்றபோது, பாசன விவசாயிகளின் சங்கங்களும் அதில் இணைக்கப்பட்டன. பயன்பெறுபவரே பொறுப்பும் ஏற்கும்போதுதான் பராமரிப்பு நிலைக்கும்.

நம் பங்கில்

அன்பார்ந்தவர்களே, இது அரசுக்கு மட்டுமான பாடம் அன்று. பங்குப் பேரவை, அன்பியம், பள்ளி நிர்வாகம், மீனவர் பஞ்சாயத்து, மகளிர் சுயஉதவிக் குழு என எல்லா அமைப்புகளுக்கும் உரியது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 537). சொத்துகளை நிர்வகிப்பவர் நல்ல குடும்பத் தலைவருக்குரிய கருத்தோடு செயல்பட வேண்டும் என்றும் கூறுகிறது (எண் 1284). பங்குத்தந்தையர் நாங்கள் சில ஆண்டுகளில் மாற்றலாகிச் செல்வோம். பங்கு மக்கள் இங்கேயே இருப்பீர்கள். எனவே எந்தப் புதிய திட்டத்தையும் தொடங்கும்முன் நான்கு கேள்விகளைச் சேர்ந்து கேட்போம்.

1. இதைப் பேண ஆண்டுதோறும் எவ்வளவு ஆகும்? யார் தருவார்கள்?
2. இதனால் பாதிக்கப்படக்கூடியவர் யார்? அவரைக் கேட்டோமா?
3. நாம் விலகிய பின் இதை யார் கவனிப்பார்? அவரைப் பழக்கினோமா?
4. இன்று பிறக்கும் குழந்தை வளர்ந்து பெரியவராகும்போது நமக்கு நன்றி சொல்லுமா?

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், வரும் தலைமுறையினருக்கு நாம் நீதியின்படி கடன்பட்டவர்கள் என்பதை வலியுறுத்தினார். அடுத்திருப்பவர் யார் என்று இயேசுவிடம் கேட்டார் திருச்சட்ட அறிஞர். நமக்கு வடக்கே வாழ்பவரும், நமக்குப் பின் வாழப்போகிறவரும் நமக்கு அடுத்திருப்பவரே. திறப்பு விழா ஒரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரும் கைதட்டலில்லாத ஆண்டுகளில்தான் ஆண்டவர் நம்மில் உண்மையுள்ள பணியாளரைத் தேடுகிறார்.

ஆண்டவரே, தொடங்கியதைப் பேணிக்காக்கும் பொறுமையையும், நாங்கள் காணாத நாளையும் எண்ணிப் பார்க்கும் ஞானத்தையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.